வாட்டும் வாட்டமும்

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். இப்படித் தொடங்காத பேச்சுப் போட்டியை நான் கண்டதில்லை. நானே மூன்று முறை இப்படித் தொடங்கி, ஒரு முறை ஆறுதல் பரிசும் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்தக் கணிப்பொறிக்குச் சோறு போடுவது எது என்று எந்த மேடையிலும் எவரும் பேசிக் கேட்டதில்லை. சோறு என்று நான் சொல்வது மின்சாரத்தை. அதை அளந்து ஊட்டும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர், கடைவீதியில் பவர் சப்ளை என்பார்கள். நம் கல்லூரியில் விளையாட்டுக் கணிப்பொறி சேர்க்க ஆசைப்படும் நண்பர்கள் பலர். அவர்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயரைக் கடவுள் நாமம் போல் உச்சரிக்கிறார்கள். பவர் சப்ளையைக் கடைசியில் மிஞ்சுகிற காசுக்கு வாங்குகிறார்கள். இது தலைகீழ் என்பது என் கருத்து. பட்டுத் தெரிந்துகொண்ட கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். விளையாட்டு என்றதும் நம் ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நான் சொல்லவில்லை. அதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்துவிட்டது, நல்லதே. நான் சொல்வது முப்பரிமாண உருவங்களைத் திரையில் வரைந்து காட்டும் ஆட்டங்களை. அதே கார்டில்தான் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளால் உருவங்களைச் செய்யவும் கற்கிறோம். நான் கற்பதற்காகவே கார்டு வாங்கினேன் என்று எழுதினால் படிப்பவர்கள் மெச்சக்கூடும். ஆடவும் ஆசைப்பட்டேன். இரண்டும் உண்மை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலை. அம்மா விடியற்காலையில் மல்லிப்பூப் பறிக்கப் போவார். விடுமுறையில் நானும் போவேன். எங்கள் தெருவுக்குக் கணிப்பொறி வந்ததே 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான். பெரியப்பா மகள் அதைக் கொண்டுவந்த நாளில் திண்ணையில் நிற்க இடமில்லை. அந்த மடிக்கணினியில்தான் நான் எழுத்துத் தட்டிப் பழகினேன். பிற்பாடு, அதில் எந்தப் புது ஆட்டமும் ஓடாது என்றும், மடிக்கணினிக்குள் தனிக் கார்டு செருக இடமில்லை என்றும் அறிந்தபோது, மேசைக் கணிப்பொறி ஒன்று சேர்ப்பது என்று மனத்தில் முடிவெடுத்தேன்.

அம்மாவின் சீட்டுப் பணமும் என் பூப்பறிப்புக் கூலியும் சேர்ந்தன. கடந்த தீபாவளிக்கு முன்பு புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்குப் பேருந்து ஏறினேன். ஒரு கடையில் பழைய ஐ-5 பலகையும், ஆர்.எக்ஸ். 580 என்ற பழைய கார்டும் வாங்கினேன். அந்தக் கார்டு 2017-இல் வெளிவந்தது. நம் ஊர்களில் அது மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எத்தேரியம் என்னும் மின்நாணயத்தைத் தோண்டுவதற்கென்று உலகெங்கும் இத்தகைய கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-இல் அந்த நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியது. வேலை இழந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி உழைத்து ஓய்ந்த மாடு ஒன்று என் கைக்கும் வந்திருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை, மாடு நன்றாகவே இழுத்தது. வண்டிதான் முறிந்தது.

கையிலிருந்த பணம் கார்டோடு தீர்ந்துவிட்டது. "கேபினட்டோடவே 450 வாட் சப்ளை வருதுங்க தம்பி, போதும்" என்றார் கடைக்காரர். கார்டுக்கு எட்டுமுனைக் கம்பி வேண்டும். அந்தப் பெட்டியில் அது இல்லை. பழைய வட்டுகளுக்கு மின்சாரம் தரும் கம்பி இரண்டைச் சேர்த்து எட்டுமுனையாக மாற்றும் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்தார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அன்று என்னைவிடப் பெரிய மனிதன் அந்தப் பேருந்தில் இல்லை.

பதினேழு நாள் ஓடியது. பதினெட்டாம் நாள் மாலை, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடும் நேரம். வீட்டுக் குண்டு பல்பு வழக்கம்போல் மங்கியது. திரை ஒரு முறை சிமிட்டியது. பட்டென்று ஒரு சத்தம், அதன்பின் ஒரு நாற்றம். அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்றத்தைக் கேட்டு உள்ளே வந்தவர், "காயில் வெந்துருச்சாடா?" என்றார். எரிந்துபோன மோட்டாரின் வாசனை அது. அவருக்கு முப்பது வருஷப் பழக்கம்.

பவர் சப்ளை போனதோடு பலகையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கார்டு மட்டும் தப்பியது. கடையில், "லைன் வோல்டேஜ் பிரச்சினைங்க, வாரண்டியில வராது" என்று முடித்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே பூக்கூடையோடு கிளம்பினார். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார்: "ஏன்டா கண்ணு, ரெண்டு மாசமா மோட்டாரு பேரையே சொல்லீட்டிருந்தயே, அதுக்கு ஸ்டார்ட்டரு எது? ஒயரு எத்தன எம்.எம்.? லைன்ல எவ்வளவு இருக்குதுன்னு பாத்தயா?" எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கணிப்பொறியைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும்! பிறகு கருகிய பெட்டியைக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளை முதன்முறையாகப் படித்தேன். ஓர் அறிவியல் மாணவன் வாங்கிய பொருளின் தாளை அது எரிந்த பிறகு படிக்கிறான் என்றால் வெட்கப்படத்தானே வேண்டும்?

தாளில் பெரிதாக 450 வாட் என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு கட்டம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை இந்தப் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரங்களாக மாற்றித் தருகிறது. இன்றைய கணிப்பொறியில் கார்டும் செயலியும் உண்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில். என் பெட்டியில் அந்த 12 வோல்ட்டுக்கு எதிரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கார்டின் தேவை 185. செயலி 65. விசிறி, வட்டு எல்லாம் சேர்த்தால் 280 பக்கம். 192 வாட் தரக்கூடிய வாயிலிருந்து 280 கேட்டிருக்கிறேன்! 450 என்ற பெரிய எண் எல்லா வோல்ட்டுகளையும் கூட்டிப் பெருக்கிப் போட்ட எண். நல்ல முறையில் செய்த 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டில் மட்டுமே 45 ஆம்பியர் வரை கிடைக்கும், அதாவது 540 வாட். இரண்டு பெட்டிகளும் வெளியே பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் எடை வேறுபடும். ஆகவே நண்பர்களே, தாளில் பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள். 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் படியுங்கள்.

அந்தத் துண்டுக் கம்பியையும் பாருங்கள். பலகையின் பள்ளம் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். ஆறுமுனைக் கம்பி இன்னொரு 75, எட்டுமுனைக் கம்பி 150 தரும் என்பது விதி. என் கார்டுக்குப் பள்ளம் தந்தது போக மீதி 110 வாட் அந்தத் துண்டு வழியாக வரவேண்டும். 12-ஆல் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். இரண்டு செருகிகளும் ஒரே மெல்லிய மஞ்சள் கம்பியில் கோத்தவை. அந்தக் கம்பியின் உறை உருகியிருந்ததை அப்பாதான் விரலால் தடவிக் காட்டினார். அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு வீட்டு ஒயர் இழுத்த கதை என்றார்.

இந்த எச்.பி. கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். அப்படியானால் என் கார்டு சரியாகக் கால் எச்.பி. மோட்டார்! 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் கார்டுக்கு 575 வாட், முக்கால் எச்.பி.க்கும் சற்று அதிகம். அதற்கு முந்திய தலைமுறையின் 4090 கார்டு 450 வாட். 2022-இல் அது வெளிவந்த சில நாட்களிலேயே, 600 வாட் வரை தாங்கும் என்று வடிவமைத்த புதிய செருகி பலருக்கு உருகிப் போனது. செருகி முழுமையாக உள்ளே போகாமல் இருந்ததும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. பல லட்சம் செலவழிப்பவருக்கும் கம்பி உருகத்தான் செய்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மாலை நேரத்து மங்கலுக்கு வருவோம். நம் பக்கத்துக் கிராமங்களில் வோல்டேஜ் இறங்குவது புதிய செய்தியன்று. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் ஏன் எரிகிறது? அதே வேலையைச் செய்ய அது அதிக ஆம்பியர் இழுப்பதால். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் அப்படியே. 300 வாட் இழுக்கும் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1.3 ஆம்பியர் எடுத்தால், 170 வோல்ட்டில் 1.76 எடுக்கும். மெலிந்த பெட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. நல்ல பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை எதுவந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்படுகின்றன. பின்புறத்தில் அப்படியே அச்சிட்டிருக்கும். சில மலிவுப் பெட்டிகளில் 115, 230 என்று மாற்றும் சிவப்புக் குமிழ் இருக்கும். அதை விளையாட்டாக 115-இல் தள்ளிவிட்டு நம் ஊர்ச் சுவரில் செருகினால் தீபாவளிதான். அளவு மீறினால் தானே நின்றுவிடும் காப்புச் சுற்றும் நல்ல பெட்டியில் உண்டு. அது மோட்டார் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே போன்றது. என் பெட்டியில் அது இருந்திருந்தால் பலகையாவது பிழைத்திருக்கும்.

மோட்டார் எடுக்கிற நொடியில் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கார்டுக்கும் இந்தக் குணம் உண்டு. திரையில் திடீரென்று வெடிப்பும் புகையும் வரும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் தன் அளவைப் போல் இரு மடங்குகூடக் கேட்கும். அதனால்தான் 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதி, புதிய செருகி உள்ள பெரிய பெட்டிகள் தம் அளவில் இரு மடங்கைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடி நேரம் தாங்கவேண்டும் என்கிறது. நாம் கூட்டிப் பார்த்த மொத்தத்துக்கு மேல் பாதியாவது கூடுதலாக வைத்துப் பெட்டி வாங்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எனக்கு 280 என்றால் 420-க்குக் குறையாமல்; கடையில் கிடைக்கும் நல்ல 550 போதும். 850 வாட் வாங்கினால் கணிப்பொறி வேகமாக ஓடும் என்று நினைப்பவர்களும் நம் வகுப்பில் உண்டு. ஓடாது. கார்டு கேட்பதைத்தான் பெட்டி கொடுக்கும்.

வெண்கலம், பொன் என்று பெட்டிகளுக்குப் பட்டம் உண்டு. 80 பிளஸ் என்னும் இத்திட்டம் 2004-இல் தொடங்கியது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான பட்டம் அது. பாதுகாப்புக்கான பட்டம் அன்று. வெண்கலம் போதும், மிச்சப் பணத்துக்கு எர்த் அடியுங்கள்.

ஏன் எர்த் என்கிறேன்? உங்களில் எத்தனை பேருக்குக் கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் விர்ரென்று விரலில் ஏறுகிறது? எங்கள் வீட்டில் ஏறியது. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் கூட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லையேல் கூடு முழுவதும் சுமார் பாதி வோல்டேஜில் நிற்கும். மூன்று துளைச் சாக்கெட் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் மூன்று துளை இருந்தது. மூன்றாவதில் கம்பியே இல்லை. அப்பா கொல்லையில் குழி வெட்டி, குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ செடி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக் கேட்டே விட்டார்.

கார்டைப் பற்றி அதிகம் எழுதவில்லையே என்று நண்பர்கள் கோபிக்கலாம். போர் எத்தனை அடி என்று தெரியாமல் மோட்டார் வாங்குவதில்லை. கார்டுக்கு அந்த ஆழம் திரை. நாம் வைத்திருக்கும் 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. நேர் நான்கு மடங்கு. பழைய 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு வினாடிக்கு இருநூறு படம் வரைகிற கார்டை வாங்குவது, கால் ஏக்கர் மல்லிக்குப் பத்து எச்.பி. போடுவதற்குச் சமம். வாட் மிகுந்தால் வலிமை மிகும் என்பதும் பிழை. 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட் போதும். 185 தின்னும் என் கிழமாட்டைவிட அது வெகுதூரம் ஓடும். 2024-இல் வந்த 6 ஜிபி 3050 கார்டு 70 வாட்டில் அடங்குகிறது. பெரும்பாலும் தனிக் கம்பியே வேண்டாம், பள்ளத்து மின்சாரமே போதும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணிப்பொறியை வாங்கிவைத்திருக்கும் நம்மவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. கௌரவம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வேறு கணக்கு. "மாசம் கரண்டு பில்லு எவ்வளவு ஏறும்?" என்றார். சுவரில் 300 வாட், நாளைக்கு மூன்று மணி நேரம், அறுபது நாள்: 54 யூனிட். 2016-இல் அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது. அதில் பாதிக்கு மேல் என் ஆட்டமே தின்றுவிடும். ஆட்டம் ஒரு மணி நேரம் என்று ஒப்பந்தமாயிற்று. பிளெண்டருக்கு விலக்கு உண்டு.

நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் குறிப்பேட்டில் எஸ்.எம்.பி.எஸ். ஒரு வரியில் வந்து போகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண். கழித்த பெட்டி ஒன்றை ஆய்வகத்தில் வைத்து, அதன் தாளை எங்களைக் கொண்டு படிக்கச் செய்தால் ஒரு மணி நேரம் போதும். திறந்து காட்டுவதானால் ஆசிரியர்தான் திறக்கவேண்டும். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கி அடிக்கும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைகள் நம்மில் பெரும்பாலோர். கடைக்காரர் சொன்னதே எங்களுக்கு வேதம்.

ஆனால் ஆளில்லை என்று நானே முடிவுகட்டியது தவறு. நாட்டின் முதல் மின்மோட்டார் 1937-இல் கோவையில் உருவானது என்று ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த மோட்டாரின் பேரப்பிள்ளைகளைத் தினமும் கிணற்றிலிருந்து தூக்கும் மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் அவரிடம் காசுதான் கேட்டேன், யோசனை கேட்கவில்லை.

சித்திரையில் அடுத்த சீட்டு எடுத்தோம். இம்முறை வேறொரு கடைக்கு, அப்பாவும் வந்தார். கடைக்காரர் விளக்கு மினுக்கும் பெட்டிகளை எடுத்து வைத்தார். அப்பா ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார். கவிழ்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மோட்டார் நேம் பிளேட்டில் ஆம்பியருக்குப் போடும் எழுத்தும் எண்ணும் தெரியும். பன்னிரண்டுக்கு எதிரே விரலை வைத்து, "இதானுங்களே?" என்று கேட்டார். "ஏனுங்க, நீங்க எலக்ட்ரீசியனுங்களா?" என்றார் கடைக்காரர். "போர் மோட்டாருங்க" என்றார் அப்பா.

இவ்வாண்டு கணிப்பொறி வாங்கப்போகும் நண்பர்கள் பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியின் தாளைப் படமெடுத்து வாருங்கள். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருப்பேன். கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் இருப்பார்.